மொத்தம், காலி, நிகரம்

சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர்ப் பாதையில்
அறுபது டன் எடைமேடை.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
வெளியே பிசான அறுவடை, லாரி லாரியாக.
வண்டி ஏறும், சிவப்பு எண் ஓடி நிற்கும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
மொத்தம், காலி, நிகரம்.
பதினோரு வருசமாக வேறொன்றும் எழுதியதில்லை.

என்னிடம் இருந்தது விண்டோஸ் போன். மஞ்சள்.
"சங்கரவடிவக்கா, அது போனா சோப்பு டப்பாவா?"
என்பான் மிக்கேல், பத்துச் சக்கர வண்டி ஓட்டுகிறவன்.
டிரைவர்மார் சிரிப்புக்கு நான் சீட்டுப் போடுவதில்லை.

ஒரு மத்தியானம், வண்டி வரத்து இல்லை.
மிக்கேலின் ஆண்ட்ராய்டைக் கேட்டு வாங்கினேன்.
முதலாளி மகன் கோமதிநாயகம்
சார்ஜில் போட்டுவிட்டு டீக்குப் போன ஐபோனைக்
கேட்காமல் எடுத்தேன்.
என்னுடையதும் சேர்த்து மூன்றையும்
மேடை நடுவே வைத்துவிட்டு
கொதிக்கும் இரும்பில் ஓடிவந்து பார்த்தால்
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே எல்லாமே
இந்த மேடைக்குக் காற்று.

சரி, மனசால் போடுவோம் என்று உட்கார்ந்தேன்.

ஐபோன்
நெல்லாகப் போட்டால் மூணு டன், நயம் அம்பை பதினாறு.
அதிலும் பதினாலு தவணை பாக்கி.
ஆற்றுக் கல் மாதிரி வழவழப்பு, குறை சொல்ல முடியாது.
ஆனால் கல்யாண வீட்டில் அதைக்
குப்புறத்தான் வைக்கவேண்டியிருக்கிறது,
முதுகில் இருக்கும் ஆப்பிள் தெரிய.

ஆண்ட்ராய்டு ஜங்ஷன் பஸ்.
ஊரே தொங்குகிறது.
எது கேட்டாலும் உண்டு, கேட்காத விளம்பரமும் உண்டு.
ஆலங்குளம் தாண்டுமுன் சார்ஜ் இறங்கிவிடும்.
நடுவழியில் நின்றுபோனால்
மிக்கேல் அதன் முதுகில் ரெண்டு தட்டுவான்,
சவம் ஓடும்.

என்னுடையது
சதுரஞ் சதுரமாய்ப் பாத்தி கட்டின வயல்.
எழுத்து பெரிசு,
ராத்திரி ரெண்டு மணிக்கும் கண்ணைக் குத்தாது.
ஒருதரம் லாரிக்கு அடியில் விழுந்து
சக்கரங்களுக்கு நடுவே கிடந்தபடியே
மணி காட்டியது.

ஆனாலும்

எங்கள் கூனியூருக்கு ஆறே முக்கால் பஸ் ஒன்று இருந்தது.
ஆள் ஏறவில்லை என்று குறைத்தார்கள்.
குறைத்ததால் ஆள் ஏறவில்லை.
இதில் எது முந்தி என்று டெப்போவில் கேட்டேன்.
"கலெக்சன் இல்லம்மா" என்றார்கள், அவ்வளவுதான்.
என் போனும் அந்த ரூட்டில்தான் ஓடியது.
ஆளில்லை என்று ஆப் செய்கிறவன் வரவில்லை,
ஆப் இல்லை என்று ஆள் வரவில்லை.
பேங்க் ஏறவே இல்லை.
ஒரு மார்கழிக் கடைசியில் வாட்ஸப்பும் இறங்கிப் போனது.
நல்ல பஸ்தான்.
காலி சீட்டெல்லாம் சுத்தமாக இருந்தது.

அப்புறம் முதலாளி உத்தரவு:
ஸ்கேன் பண்ணினால் பணம் வந்த சேதி
என் போனில் தெரிந்தாகணும்.

அம்பாசமுத்திரத்தில் காசிம் கடை.
கைமாறின ஆண்ட்ராய்டு, கண்ணாடியில் ஒரு கீறல்.
"பழசுக்கு என்ன தருவே?"
"இதுக்கு எக்ஸ்சேஞ்சு கெடையாதுக்கா.
வேணும்னா புதுசுக்குக் கவர் சும்மா தாரேன்."

திறந்ததும் அது என்னை விசாரிக்கத் தொடங்கியது.
எங்கே இருக்கே, யாரையெல்லாம் தெரியும்,
உன் படங்களைப் பார்க்கலாமா, பேசுவதைக் கேட்கலாமா.
எத்தனை ஆயிரம் வண்டி ஏறி இறங்கியிருக்கும்,
தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று
இந்த மேடை ஒருநாளும் கேட்டதில்லை.
பழைய போனும் கேட்டதில்லை.
அதன் நல்ல குணமா,
கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஆளில்லாததாலா,
அது எனக்குத் தெரியாது.
பின்னால் ஹாரன்.
அனுமதி, அனுமதி, அனுமதி என்று
அமுக்கிக்கொண்டே போனேன்.

மறுநாள் மிக்கேல் ஸ்கேன் பண்ணினான்.
எண்பது ரூபாய் வந்துவிட்டதென்று
புது போன் ஊருக்கே கத்தியது.
"எப்படிக்கா இருக்கு?" என்றான்.

"மொத்தம் தெரியுது.
காலி எடை போடாம நிகரம் எப்படிச் சொல்ல?
லோடை எறக்கிட்டு வா, பாப்போம்."